ஒப்பிடப் பழைய படம் இல்லை

"மூச்சை இழுங்க... பிடிங்க... அப்படியே இருங்க... ம், விடுங்க."

மைக்கில் சொன்னவர் எங்கள் டெக்னீஷியன். இருபது வருடமாக ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் இதையே சொல்கிறார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயரே 'மூச்சு' என்றாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் மேஜையில் படுத்திருந்தவர் என் அண்ணி.

"நான் விட்டுட்டேன்," என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. "என் வயித்தைத் தூக்கிச் சுமக்குதே, உங்க மேஜை மூச்சு விடுதான்னு பாருங்க முதல்ல."

மூச்சு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். படம் திரையில் வந்தது.

நான் ஸ்கேன் டாக்டர். நோயாளியைத் தொடமாட்டேன், படத்தைத்தான் பார்ப்பேன். வயிற்றை ரொட்டி போல மெல்லிசு மெல்லிசாக நறுக்கிக் காட்டுகிற படம். எலும்பு வெள்ளை, ஈரலும் கிட்னியும் சாம்பல், கொழுப்பு கிட்டத்தட்டக் கறுப்பு. மேலிருந்து ஒவ்வொரு துண்டாக உருட்டிக்கொண்டே வந்தேன். ஈரல் சரி. மண்ணீரல் சரி. இடது கிட்னி இருக்கவேண்டிய இடத்துக்கு வந்தேன். கிட்னி இல்லை.

இருந்தது, வேறு இடத்தில். முதுகை ஒட்டி இருக்கவேண்டியது நடுக்கோட்டைத் தாண்டி, மூட்டைக்காரர் பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒல்லிப் பயணி போல ஓரத்தில் நசுங்கி நின்றது. குடலும் அதோடு ஒதுங்கியிருந்தது. தள்ளியது யார் என்று பார்த்தால் அங்கே ஆளே இல்லை. வெறும் கொழுப்பு. ஒரு தலையணை அளவுக்கு, கறுப்பாக, சாதுவாக.

இந்தக் கட்டியின் கெட்டிக்காரத்தனமே அதுதான். அபூர்வமாக வருவது. கொழுப்பிலேயே பிறந்து கொழுப்பு வேஷத்திலேயே வளரும். நேராகத் தேடினால் அகப்படாது. எந்த உறுப்பு இடம் மாறியிருக்கிறது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அளந்தேன். இருபத்தைந்து சென்டிமீட்டர். நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெளிறிய திட்டு ஒன்று.

"டாக்டர், அண்ணிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நம்மகிட்டயே எடுத்திருக்கு. பக்கத்துல போடட்டுமா?" என்றார் மூச்சு. பதிலுக்குக் காத்திராமல் போட்டும் விட்டார். அவருக்கு அது வழக்கம்.

இரண்டு படமும் அருகருகே நின்றன. பழைய படத்திலும் அது இருந்தது. பதினேழு சென்டிமீட்டர், நடுவில் அதே திட்டு. கிட்னி நாலு விரல் அகலத்துக்கு முன்னால் தள்ளி. வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடக் கேட்டிருக்கும், ஏன் இப்படி என்று. படத்தின் அடியில் ரிப்போர்ட். ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து.

அன்றைக்கு அண்ணி வயிற்று வலி என்று வந்திருந்தார். பித்தப்பையில் மூன்று கல். பளிச்சென்று தெரிந்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் அதோடு நின்றுவிட்டேன். எங்கள் தொழிலில் யாரும் ரிப்போர்ட்டை முதலிலிருந்து எழுதுவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் ஈரல் இயல்பு, கணையம் இயல்பு, கிட்னி இயல்பு என்று பக்கம் முழுக்கத் தானாக வந்து விழும். எது கெட்டிருக்கிறதோ அந்த வரியை மட்டும் மாற்ற வேண்டும். நான் பித்தப்பை வரியை மாற்றினேன். மற்றதெல்லாம் பொத்தான் எழுதியது.

கல்லுக்கு ஆபரேஷன் ஆனது, வலியும் போனது. வயிறு மட்டும் போகவில்லை. கேட்டதற்கு நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அண்ணி, உங்க வயித்தை நான் உள்ள போய்ப் பாத்தவன். எல்லாம் சுத்தக் கொழுப்பு. நடங்க."

அண்ணி நடந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலை ஏழு மணிக்கு முதல் மாணவர் வந்துவிடுவார். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நடந்தார். நான் அனுப்பிய சாப்பாட்டு அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தார். கன்னம் ஒட்டியது. கழுத்தெலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் வளர்ந்தது. அண்ணன் பிஸ்கட் டப்பாவை அலமாரி மேலே ஏற்றி வைத்தார். அவர்கள் மகள் பட்டம் வாங்கிய அன்று எல்லோர் முன்னாலும் அண்ணியின் தட்டிலிருந்த கேக் துண்டை நான் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "உள்ள இடமே இல்ல அண்ணி, டாக்டர் சொல்றேன்," என்றேன். வீடே சிரித்தது. அண்ணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனதையும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது வந்தது வயிற்றுக்காக அல்ல. கிளச் மிதிக்கிற இடது கால் வீங்கிவிட்டது என்று வந்தார். வயிற்றுக்குள் ஏதாவது ரத்தக்குழாயை அழுத்துகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

மூச்சு இரண்டு படத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருட அனுபவம். அவருக்குப் புரியாமல் இருக்குமா? அண்ணியை மேஜையிலிருந்து இறக்க உள்ளே போனார்.

நான் பழைய படத்தைத் திரையிலிருந்து மூடினேன். ரிப்போர்ட் எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன். கட்டியின் அளவு, கிட்னி போன இடம், நடுவில் இருந்த திட்டு. படித்தவர்கள் பாராட்டக்கூடிய ரிப்போர்ட். கடைசியில் ஒரு வரி பாக்கி. முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டு எழுதவேண்டிய இடம். அங்கே தட்டினேன்:

'ஒப்பிடப் பழைய படம் இல்லை.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

வெளியே அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குள் அழைத்துச் சொன்னேன். அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அண்ணி என்னையே பார்த்தார்.

"அப்ப இது கொழுப்பு இல்லையா தம்பி?"

"கொழுப்புலயே வர்ற கட்டி அண்ணி."

"நான் தின்னு வந்தது இல்ல?"

"இல்ல."

அண்ணி சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்குங்க! டாக்டரே சொல்லிட்டார். பிஸ்கட் டப்பாவைக் கீழ இறக்குங்க." சிரித்துக்கொண்டே சொன்னவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உயிருக்கு ஆபத்தான கட்டி என்று கேட்ட ஒரு மனுஷிக்கு முதலில் வந்தது நிம்மதி. இரண்டு வருடம் திருடி போல நின்றவருக்கு இன்றைக்கு விடுதலை. அந்தத் திருட்டுப் பட்டத்தைக் கட்டிய நான் எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நல்லவேளை நீ இருந்த," என்றார் அண்ணன் என் கையைப் பிடித்து. "வேற எவனாவது பாத்திருந்தா காலுக்கு மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பான்."

அடுத்த வாரத்துக்குள் அந்தப் பெருமை எங்கள் சொந்தம் முழுக்கப் பரவிவிட்டது. போன் மேல் போன். 'உன் கண்ணு பொன்னுடா' என்றார் ஒரு சித்தப்பா. நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை எனக்கு. அடக்கம் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

இந்த மாதிரிக் கட்டிகளுக்கென்றே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணியை அனுப்பினோம். அங்கே தலைமை சர்ஜன் ஒரு அம்மா. அதிகம் பேசமாட்டார், பேசினால் நறுக்கென்று இருக்கும். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பத்தாம் நாள் அவரே எனக்குப் போன் செய்தார்.

"ரிசல்ட் குழப்பமா இருக்கு டாக்டர். எடுத்த சதையைப் பாத்தா மெதுவா வளர்ற வகை மாதிரி தெரியுது. ஆனா நடுவுல அந்தத் திட்டு இருக்கே, அதுதான் எங்களுக்குப் பயம். அதுல ஊசி சரியா இறங்கல."

"ம்."

"நோயாளி பழைய ரிப்போர்ட் ஒண்ணு குடுத்தாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க இடத்துல எடுத்தது. எல்லாம் இயல்புன்னு இருக்கு. ஒண்ணுமே இல்லாத இடத்துல ரெண்டு வருஷத்துல இருபத்தஞ்சு சென்டிமீட்டர்னா அது வேகமான வகைதான். கெட்ட வகை. அதனால முதல்ல கீமோ மருந்து ஏத்துறோம். நாலு ரவுண்டு. அப்புறம் ஆபரேஷன். திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம். பழைய படம் கிடைக்கலைன்னு எழுதியிருக்கீங்க, அது கிடைச்சா நல்லா இருந்திருக்கும்."

"ஆமா," என்றேன். "சரி டாக்டர்."

போனை வைத்தேன். கட்டி முன்பே இருந்தது. நடுவில் இருந்த அந்தத் திட்டும் முன்பே இருந்தது, அதே எலுமிச்சம்பழ அளவில். இரண்டு வருடத்தில் அது ஒரு நூல்கூட வளரவில்லை. இது மெதுவான வகை. மெதுவான வகைக்கு மருந்து ஏற்றினால் முடி கொட்டும், வாந்தி வரும், ரத்தம் குறையும். கட்டி அசையாது. நாலு மாதம் வீணாகும். அந்த நாலு மாதத்தில் அது இன்னும் எதை எதைத் தள்ளுமோ. இது தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் சம்பளத்துக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்பவர். இன்னொருவன் நான்.

சொல்லலாம் என்றுதான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி கதவைத் திறந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. இடுப்பு வரை தொங்கும் பின்னல் இல்லை. காது வரை வெட்டிவிட்டிருந்தார்.

"என்ன தம்பி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? தானா கொட்டுறதுக்கு முன்னாடி நாமளே ஒரு கை பாத்துடலாம்னு வெட்டிட்டேன். இனிமே ஸ்டூடண்ட்ஸ் தப்பா பிரேக் போட்டா முடி முகத்துல வந்து விழாது. வசதி."

"அண்ணி..."

"உக்காருங்க. தண்ணி வேணுமா?"

உட்கார்ந்தேன். அண்ணன் மாத்திரை வாங்க வெளியே போயிருந்தார். சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மேஜைமேல் பிஸ்கட் டப்பா திறந்தபடியே இருந்தது. அண்ணி அதை என் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். இந்த மருந்து ஏத்துனா இது சுருங்குமா?"

"பெரிய டாக்டர் சொல்றாங்கல்ல அண்ணி..."

"அவங்க படிச்சவங்க. அவங்களுக்கு ஆயிரம் பேர்ல நான் ஒருத்தி. நீங்க நம்ம வீட்டுப் பிள்ளை. உங்க வாயால 'சுருங்கும்'னு சொல்லுங்க, நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டிடுறேன். எனக்குப் பயமா இருக்கு தம்பி. அவர்கிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன்."

அண்ணி பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. லாரிக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அழுத மாணவனை இறக்கி, எதிரே வந்த அந்த லாரி டிரைவரையும் திட்டி, காரை ரிவர்ஸிலேயே எடுத்து வந்தவர் அவர்.

"சுருங்கும்," என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "சுருங்காது," என்பதும் வரவில்லை.

"ஒரு போன் பண்ணிட்டு வர்றேன் அண்ணி," என்று எழுந்து, படியிறங்கி, காரை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூச்சு சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய படத்தை சி.டி.யில எழுதணும்," என்றேன்.

"எழுதி வெச்சு ஒரு வாரம் ஆச்சு டாக்டர். உங்க டிராயர்லதான் இருக்கு." கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க டிராயரைத் திறப்பீங்கன்னு நினைச்சேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் அம்மா ரவுண்ட்ஸ் முடித்து வரும்வரை வராந்தாவில் நின்றேன். அவர் அறையில் சி.டி.யைப் போட்டேன். அவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இருந்த திட்டை மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் ஒரே அளவு.

"இது இருந்துதா உங்ககிட்ட?"

"இருந்துது."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"பின்ன ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

இதற்கு நான் வழியெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வேலைப்பளு, அறுபது ஸ்கேன், பித்தப்பைக் கல். அவர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் உதிர்ந்தன.

"அதுல என் கையெழுத்து இருக்கு," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டியை விட்டது தப்பு. என் கண்ணும் விட்டிருக்கு, யார் கண்ணும் விடும். ஆனா திங்கக்கிழமை நான் அந்தம்மாவுக்கு மருந்து ஏத்தியிருப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சே." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மருந்து வேண்டாம். வியாழக்கிழமை ஆபரேஷன். கிட்னி ஒண்ணு போகும், குடல்ல கொஞ்சம் போகும், ஆனா மொத்தமா எடுத்துடலாம். ஏன் மாத்தினோம்னு அவங்க கேப்பாங்க. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

"இன்னைக்கே சொல்லுங்க."

திரும்பிப் போனபோது அண்ணனும் வீட்டில் இருந்தார். இருவரையும் உட்காரவைத்து, நின்றுகொண்டே சொன்னேன். பழைய படம், பொத்தான், கல், பொய் வரி, எதையும் விடவில்லை. அண்ணனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அண்ணி தலைமுடியைத் தடவிப் பார்த்தார். வெட்டிய நுனியை.

"இதை வெட்டின அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

"ஊரே உங்களைப் பாராட்டினப்பவும் தெரியும்."

"தெரியும்."

"பாக்காம விட்டீங்க பாருங்க, அதுக்கு எனக்குக் கோபம் இல்ல தம்பி. நானும் கண்ணாடியில பாக்காம ரிவர்ஸ் எடுத்திருக்கேன்." குரல் உயரவில்லை. மாணவர்களிடம்கூட அவர் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. "ஆனா நீங்க என் தட்டைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. ரெண்டு வருஷம். ஒரு வாய் வெக்கிறப்பல்லாம் யார் பாக்கிறாங்கன்னு பாத்துத் தின்னேன். ராத்திரி பசியில தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்திருக்கேன். இளைக்கலையே, நமக்குத்தான் ஒழுக்கம் இல்லபோலன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அதை எந்த ஸ்கேன்ல போட்டுக் காட்டுவீங்க?"

மன்னிச்சுடுங்க என்றேன். சொல்லும்போதே அது எத்தனை சின்னச் சொல் என்று காதில் விழுந்தது.

"ஆபரேஷன் வியாழக்கிழமையா?" என்று மட்டும் கேட்டார்.

ஏழு மணி நேரம் ஆனது. கட்டி முழுசாக வெளியே வந்தது, கூடவே இடது கிட்னியும். பரிசோதனையில் மெதுவான வகை என்றே உறுதியானது, அந்த வெளிறிய திட்டு உட்பட. ஆனால் இது திரும்ப முளைக்கக்கூடியது. நாலு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் சர்ஜன் அம்மா.

பத்தாவது நாள் வார்டுக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் பேப்பரை விரித்துக்கொண்டார். அண்ணி தலையணையில் சாய்ந்து, யாரையும் பார்க்காமல், ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிறு தட்டையாக இருந்தது.

"அடுத்த ஸ்கேன்..." என்று ஆரம்பித்தேன்.

"அதை வேற டாக்டர் பாக்கட்டும் தம்பி."

"சரி அண்ணி."

சொன்ன அந்தக் கணத்தில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. இனி அந்த வயிற்றை நான் பார்க்க வேண்டாம், அதற்கடியில் நான் கையெழுத்துப் போட வேண்டாம் என்ற நிம்மதி. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்த பார்வை அது. தரையைப் பார்த்தேன்.

"போறப்பக் கதவை நல்லா சாத்திட்டுப் போங்க," என்றார். "ஏ.சி. வெளிய போகுது."